‘நான்தான்’ என்றொரு பட்டன்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டு எனக்கு மட்டும். ஆபீசில் தினமும் மாலை ‘இன்று செய்தது’ என்று நாலு வரி கணினியில் அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சண்முகம் சார் வைத்த சட்டம். அதில் எழுத முடியாததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இன்று செய்தது: சண்டை. நாங்கள் செய்வது போனில் ஆடும் கதை விளையாட்டு. ஆடுபவர் படித்துக்கொண்டே வருவார். திருப்பத்தில் இரண்டு மூன்று பட்டன் வரும், எதை அழுத்துகிறாரோ கதை அந்தப் பக்கம் போகும். கதை என்னுடையது. பெயர் ‘உப்புத்தெரு’. கடலோர ஊர். கயல் என்ற பதினைந்து வயதுப் பெண், ஆடுபவர்தான் கயல். அவள் அண்ணன் வளவனுக்கு ஒரு பெண் எழுதிய கடிதம் எப்படியோ அப்பா கைக்குப் போய்விடுகிறது. பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘அப்பாகிட்ட சொன்னது யாரு?’ என்று வளவன் கயலைக் கேட்கிறான். மூன்று பட்டன். ‘உன் சிநேகிதன் பெஞ்சமின்’, ‘தெரியாது’, ‘சாப்பிட வா அண்ணா’.

சுவரில் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் ஒட்டியிருக்கிறேன், சீட்டுக்கு ஒரு காட்சி. பத்தொன்பது முடிவுகள். சண்முகம் சார் சுவரின் அடிவரிசையை விரலால் தடவிக்கொண்டே போய் நின்றார்.

“ஏனுங்க செல்வி, பத்தொம்பதுலயும் அந்தப் பையன் வீட்டை விட்டுப் போயிர்றானே. அப்பறம் எதுக்குங்க பட்டன்?”

“உண்மை தெரிஞ்சா போகத்தான் சார் செய்வான்” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும். ஆடறவனுக்கு எதுக்கு முன்னாடியே முடிவு பண்றீங்க?”

29ஆம் தேதி பெங்களூரிலிருந்து வெளியீட்டாளர்கள் பார்க்க வருகிறார்கள். அவர் பதற்றம் அவருக்கு. எனக்கு வேறு பதற்றம். இந்த விளையாட்டு கோவில்பட்டியில் இருக்கிற என் அண்ணன் கைக்கு மட்டும் போகக் கூடாது. மற்றபடி உலகமே ஆடட்டும்.

இடது கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஒன்பது நாளைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் பிடித்து வைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலேஜ் பிள்ளைகள் பத்துப் பேரிடம் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். அவர்கள் எழுதியதை நஸ்ரீன் சத்தமாக வாசித்தாள். நஸ்ரீன் பானுதான் எங்கள் புரோகிராமர். நான் சீட்டில் எழுதுவதையெல்லாம் ஓட வைப்பவள். கெட்டிக்காரி, ஆனால் வாயில் வடிகட்டி கிடையாது.

“எதை அமுத்தினாலும் அண்ணன் போயிடறான், கடுப்பாகுது. ஆறு பேரு இதையே எழுதியிருக்காங்கக்கா. அப்பறம், நான்தான் சொன்னேன்னு ஒத்துக்கப் பட்டனே இல்லையே, ஏன்? இது நாலு பேரு. பெஞ்சமின் வீட்டுக்குப் போக முடியாதா? இது ஒரே ஒருத்தரு.”

பெஞ்சமின் வீட்டுக்குப் படமே வரையவில்லை, அங்கே போய் என்ன செய்வார்களாம்? அதை அடித்துவிட்டேன்.

ஒப்புக்கொள்ளும் பட்டனைப் பற்றி, “பதினஞ்சு வயசுப் பிள்ளை ஒத்துக்காது” என்றேன்.

“ஏன்க்கா? நான்லாம் ஒத்துக்குவேன். எங்கண்ணன் ரெண்டு போடு போடுவான், அழுதுட்டு முடிஞ்சுரும்.”

ரெண்டு போடோடு முடிந்துவிடுமாம். நல்ல கதையாக இருக்கிறதே.

ஆகஸ்ட் 11, திங்கள்

சண்முகம் சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ‘நான்தான்’ பட்டன் வேண்டும். அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது ஆடுபவர் நினைக்காத மாதிரி இருக்க வேண்டும். இந்த வாரத்துக்குள்.

“வளவனை நீங்க ஒரே மாதிரிதானுங்க நெனச்சு வெச்சிருக்கீங்க. அவன் வேற மாதிரி பேசக் கூடாதுங்களா?”

அவருக்கு எப்படிப் புரிய வைப்பது. எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது, இருபது வருஷம் முன்னால். அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு. மேலத்தெருப் பூங்கனி எழுதிய கடிதங்களை ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோவின் பின்மூடிக்குள் ஒளித்து வைத்திருந்தான். ஒரு கடிதம் எப்படியோ அப்பா கண்ணில் பட்டுவிட்டது. பூங்கனியை ஒரே மாதத்தில் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அண்ணனின் சிநேகிதன் சகாயம்தான் அப்பாவிடம் சொன்னது என்று பேச்சு. அந்த ரேடியோவே சகாயம் கொடுத்ததுதான்.

கதைக்கு ஏதாவது ஒரு விதை வேண்டாமா, எடுத்துக்கொண்டேன். எல்லாரும் செய்வதுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அண்ணன் போன். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் கடையில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவான். மோட்டார் காயில் கட்டும் கடை. பின்னால் எப்போதும் யாராவது எதையாவது தட்டிக்கொண்டிருப்பார்கள்.

“ஏட்டி செல்வி, பல்லு எப்படி இருக்கு? டாக்டர்ட்ட போனியா இல்ல கிராம்பை வச்சே ஓட்டுதியா?”

“போறேன்ணே.”

“போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே இரு. அப்புறம் அந்தக் கேம் என்னாச்சு? எனக்கு ஒண்ணு அனுப்பேன். பிள்ளைகள்ளாம் போன்ல எதையோ நோண்டுதுக, நானும் நோண்டுதேன்.”

“இன்னும் முடியலண்ணே. முடிஞ்சதும் அனுப்புறேன்.”

“நீ ஒண்ணாப்பு படிக்கையில கதை சொன்னாலும் முதல்ல எனக்குத்தாம்ல சொல்லுவ” என்று சிரித்தான்.

அப்பா போன பிறகு என்னை ஹாஸ்டலில் சேர்த்து, மாதா மாதம் வந்து பார்த்து, டிகிரி வாங்குகிறவரை தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தவன். எனக்கு உறவு என்று சொன்னால் அவன் ஒருத்தன்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

‘நான்தான்’ என்று சீட்டில் எழுதினேன். நாலு எழுத்து. அதற்குக் கீழே ‘வளவன்:’ என்று எழுதிவிட்டுக் காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்திருந்தேன். வளவனுக்கு இதுவரை எத்தனை ஆயிரம் வார்த்தை எழுதியிருப்பேன்! கோபப்பட, கிண்டல் பண்ண, அழ, போன வருஷம் முழுக்க அவன் வாயில் நான்தானே பேசினேன். இந்த ஒரு வரி வரவில்லை.

‘போ’ என்று எழுதினேன், அடித்தேன். ‘பரவாயில்ல’ என்று எழுதினேன். எழுதின கையை உடைக்கலாம் போலிருந்தது.

ஒரு சின்னத் திருத்தம். அந்தக் கடிதம் ‘எப்படியோ’ அப்பா கண்ணில் படவில்லை. நான் எடுத்துப் படித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டேன். திருப்பி ரேடியோவுக்குள் வைக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான். சின்னப் பிள்ளை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். பட்டன் இருக்கும், ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள். வளவன் கேள்வி கேட்ட பிறகு ஆடுபவர் ஒரு முழு நிமிடம் எதையும் தொடாமல் சும்மா இருந்தால்தான் நாலாவதாக ‘நான்தான்’ வரும். இந்தக் காலத்தில் யார் ஒரு நிமிடம் சும்மா இருக்கிறார்கள்? காலேஜ் பிள்ளைகள் நாலு விநாடிக்கு மேல் எங்கும் நிற்கவில்லை என்று நஸ்ரீனின் கணக்கே சொல்கிறது. யார் எதை அழுத்தினார், எத்தனை விநாடி யோசித்தார் என்று எல்லாம் அவள் கணினியில் வரிசையாக வந்து விழும். அதற்கு லாக் என்று பெயர்.

சண்முகம் சாருக்கு ஒரே சந்தோஷம். “மௌனமா இருந்தா ஒரு வழி தொறக்குதுங்களா? பிரமாதமுங்க!” நான் மறைத்து வைத்ததை அவர் கலை என்று நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும்.

வளவனின் பதிலுக்கு ‘(பிறகு)’ என்று மட்டும் போட்டுக் கொடுத்தேன். ‘(பிறகு)’ என்று இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைப் பெட்டி வரும்படி நஸ்ரீன் எப்போதோ செய்து வைத்திருக்கிறாள். ‘இந்த வரி இன்னும் எழுதப்படவில்லை. இங்கே என்ன வர வேண்டும்?’ என்று கேட்கும். ஆபீசுக்குள் நாங்கள் ஆடும்போது குறிப்பெழுத வைத்துக்கொண்டது. வெளியே அனுப்பும்முன் அதை அணைக்கச் சொல்ல வேண்டியது என் வேலை. திங்களன்று சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

பல் டாக்டர். “வேர் வரைக்கும் போயிருச்சுங்க. எத்தனை நாளா வெச்சுட்டு இருந்தீங்க?” என்றார். பொறுத்துக்கொண்டிருந்தேன் என்றேன். நல்ல பழக்கமில்லை என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஐயோ சாமி.

இரண்டாவது சோதனைக்கு நாற்பது வயதுக்கு மேற்பட்ட, கேமே ஆடாத ஆட்கள் இருபத்து நாலு பேர் வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். நான் கீழ் வீட்டு அம்மாவையும் இஸ்திரிக்காரரையும் கொடுத்தேன். நஸ்ரீன் பட்டியலைச் சனிக்கிழமையே முடித்து அனுப்பிவிட்டாள், நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில். பட்டியலில் ஏழாம் நம்பர்: இசக்கிமுத்து, 42, கோவில்பட்டி.

“உங்க அண்ணன்தான்க்கா! எனக்கு மெசேஜ் பண்ணி, என் தங்கச்சி தர மாட்டேங்குறா, நீயாச்சும் குடும்மான்னு கேட்டாரு. பாவமா இருந்துச்சு.”

போன தீபாவளிக்கு எல்லாருக்கும் கடலைமிட்டாய்ப் பெட்டி அனுப்பினானே, அப்போது வாங்கியிருக்கிறான் இவள் நம்பரை.

“அவரை எடுத்துரு நஸ்ரீன்.”

“எப்படிக்கா? ஆரம்பிச்சிட்டாரு. கடிதம் கெடைக்கிற எடம் தாண்டிட்டாரு.”

பெயர்களை மாற்றினேன், ஊரை மாற்றினேன், கடலைக் கொண்டுவந்து வைத்தேன். அந்த ரேடியோவை மாற்றவில்லை. விளையாட்டில் கயல் ஸ்குரூ டிரைவரை எடுத்து ரேடியோவின் பின்மூடியைத் திறக்கிறாள். அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று நானே மெச்சியிருக்கிறேன்.

வெள்ளைப் பெட்டியையும் யாரும் அணைக்கவில்லை. நான் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மத்தியானம் போன் வரவில்லை.

நஸ்ரீன் சாப்பிடப் போனபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து லாக்கைத் திறந்தேன். ஏழாம் நம்பர், முதல் ஆட்டம், ஞாயிறு காலை. ரேடியோப் படத்தில் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. மற்றவர்கள் அங்கே ஆறு விநாடி. அப்புறம் ‘யாரு சொன்னது?’ கேள்வி. இருபது விநாடி. அழுத்தியது: ‘உன் சிநேகிதன் பெஞ்சமின்.’

நான் அன்றைக்குச் சொன்னதையே அழுத்தியிருக்கிறான்.

கதையில் அதற்குப் பிறகு வளவன் பஸ் ஸ்டாண்டில் வைத்து பெஞ்சமினை அடிக்கிறான். அந்தக் காட்சியில் அண்ணன் எதையும் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொரு வரியிலும் நின்றிருக்கிறான். முன்பல் உடைந்த வரியில் ஒன்றரை நிமிடம்.

நஸ்ரீன் வந்து பின்னால் நின்றதுகூடத் தெரியவில்லை. “உங்க அண்ணன் மெதுவாப் படிப்பாராக்கா?” என்றாள். ஆமாம், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சீயக்காய் தீர்ந்துவிட்டது. ஏழாம் நம்பர் இன்று ஆடவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

சும்மா இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காலேஜ் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டேன். நாற்பது வயதுக்காரர்கள் கண்ணாடியைத் தேடுகிறார்கள், பாலை இறக்கி வைத்துவிட்டு வருகிறார்கள், கடைக்கு ஆள் வந்தால் போனை வைத்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் என்ன, பத்து நிமிடம் தானாகப் போகிறது. இருபத்து நாலு பேரில் பதினேழு பேருக்கு ‘நான்தான்’ வந்திருக்கிறது. பதினாலு பேர் அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தியவர்கள் அநேகமாக எல்லாரும் வெள்ளைப் பெட்டியில் எதையாவது எழுதியிருக்கிறார்கள்.

சண்முகம் சாரும் நஸ்ரீனும் அதைக் கொண்டாட்டமாக வாசித்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சீட்டை ஒட்டுவதுபோல நின்றேன்.

“மூணாம் நம்பர்: ‘உன்ன பெத்ததுக்கு அம்மா ஒரு அம்மிக்கல்லப் பெத்திருக்கலாம்.’ அஞ்சாம் நம்பர்: ‘சரி விடு, வா சாப்பிடலாம்.’ ஆறு: ‘எதுக்குடி இப்ப சொல்ற?’ ஐயோ, இது நல்லாருக்கு சார்!”

“அடுத்தது படிம்மா” என்றார் சார்.

என் கையிலிருந்த பசை டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனியவில்லை.

“ஏழாம் நம்பர்... ரெண்டாவது ஆட்டம், நேத்து இல்ல, இன்னிக்கு காலைல. ‘நான்தான்’ அமுத்தியிருக்காரு. பெட்டில பதினோரு நிமிஷம் இருந்திருக்காரு.” நஸ்ரீன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். “ஒண்ணும் எழுதலக்கா. காலியா அனுப்பிட்டாரு.”

“நெட் போயிருக்குமுங்க” என்றார் சார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்றும் போன் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் பேசாமல் இருந்ததே இல்லை. டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூடப் பேசினான்.

சரி. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலுமா பொய் சொல்வது?

மேசையில் வைக்கவில்லை. மறக்கவும் இல்லை. அப்பா கையில் கொடுத்தேன். அப்பா முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ‘அப்பா இதப் பாருங்க’ என்று நீட்டினேன். கடிதத்தில் ‘வருகிற ஒன்றாம் தேதி பெங்களூர் போய்விடலாம்’ என்று பூங்கனி எழுதியிருந்தாள். அம்மா கிடையாது. அண்ணனும் போய்விட்டால் அந்த வீட்டில் அப்பாவோடு நான் மட்டும். எனக்குப் பயம். அண்ணன் போகக் கூடாது, அவ்வளவுதான் என் மண்டைக்குள் இருந்தது.

அண்ணன் போகவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் வந்து, ‘யாருட்டி சொன்னது?’ என்றான். நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ‘சகாயண்ணன் அப்பாகிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு’ என்றேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அடுப்பை அணைக்கக்கூட அவகாசம் இல்லை, அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் நூறு பேர் பார்க்கச் சகாயத்தை அடித்தான். முன்பல் போய்விட்டது. அதன்பின் இருபது வருஷமாக இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. சகாயம் எட்டயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

இதைச் சொன்னால் எனக்கு அண்ணன் இல்லை என்று இருபது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வளவன் பத்தொன்பது தடவையும் ஏன் வீட்டை விட்டுப் போகிறான் என்று சார் கேட்டாரே, இதனால்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்று தடவை நம்பரைப் போட்டு மணி அடிக்கும்முன் கட் பண்ணினேன். அவனுக்குத் தெரிந்திருக்காது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. ரேடியோவைப் பார்த்துவிட்டு தெரியாமல் எப்படி இருக்கும்? மாவு புளித்துவிட்டது, கீழே கொட்டினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நஸ்ரீன் கூப்பிடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, மடிக்கணினியை என் மேசையில் வைத்து, “நான் படிக்கலக்கா. முதல் வரி பாத்தேன், அப்பறம் படிக்கல” என்று சொல்லிவிட்டு, சண்முகம் சாரையும் டீக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வடிகட்டி இல்லை என்று எழுதியிருந்தேன், தப்பு.

ஏழாம் நம்பர். மூன்றாவது ஆட்டம். ‘நான்தான்’ அழுத்தியிருக்கிறான். வெள்ளைப் பெட்டியில்:

‘செல்வி. இந்த வரிய நான் எழுத முடியாது. அடி வாங்குனவன் எழுதணும். புதன்கிழமை எட்டயபுரம் வா. நானும் வாரேன்.’

‘ஏட்டி’ இல்லை. செல்வி என்று முழுப் பெயரும் புள்ளியும் வைத்து அவன் எனக்கு எழுதியதே கிடையாது.

சார் திரும்பி வந்ததும் புதன்கிழமை வர மாட்டேன் என்றேன். அன்றைக்குப் பிள்ளையார் சதுர்த்தி, லீவுதானுங்களே என்றார். அதுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பஸ்ஸில் எழுதுகிறேன், திரும்பும் வழி. எழுத்து கோணலாக இருக்கும்.

அதிகாலை வண்டி பிடித்து, கோவில்பட்டியில் மாறி, எட்டயபுரம் போய் இறங்க மத்தியானம் ஒன்றரை. அண்ணன் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக நின்றிருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “சாப்பிட்டியா?” என்றான். இல்லை என்றேன். “முதல்ல அவனப் பாப்போம்” என்று முன்னால் நடந்தான். வழி முழுக்கத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவன் செருப்பையே பார்த்துக்கொண்டு போனேன்.

அண்ணே என்று இரண்டு தடவை கூப்பிட வாயெடுத்தேன்.

சின்னக் கடை. லீவு நாளிலும் திறந்திருந்தது. சகாயம் மெஷினுக்குள் தாள் சிக்கியதை எடுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

அண்ணன் ஒதுங்கி நின்றான். நான்தான் பேச வேண்டும். இங்கே பட்டன் எதுவும் இல்லை.

“சகாயண்ணே, அன்னைக்கு அப்பாகிட்ட கடுதாசியக் குடுத்தது நான்தான். அண்ணன் கேட்டப்ப உங்க பேரச் சொன்னதும் நான்தான்.”

என்ன பதிலுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். பெட்டியில் வந்த பதின்மூன்று பதிலையும் பஸ்ஸில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனேன். திட்டுவார், அழுவார், போ என்பார், பரவாயில்லை என்பார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“தெரியும்” என்றார். “நான் சொல்லலேன்னா வீட்டுக்குள்ள வேற யாரு இருந்தா? அன்னைக்கே தெரியும்.” அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினார். முன்வரிசையில் ஒரு பல் மட்டும் மற்றதைவிட வெள்ளையாக இருந்தது.

“அவளுக்கு வயசு பதினஞ்சு. பயந்துட்டா, பொய் சொன்னா. ஒனக்கு இருவத்திரெண்டுடே. ஒண்ணாப்புலருந்து ஒண்ணாப் படிச்சோம். சைக்கிள விட்டு எறங்குன ஒடனே அடிச்சியே... ஏம்ல சொன்னேன்னு ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டியா?”

அண்ணன் கடை வாசலில் செருப்பைக் கழற்றினான்.

“அவ வந்து சொல்லணும்னு நான் இருவது வருசமா உக்காந்திருக்கல. நீ வந்து கேப்பன்னு உக்காந்திருந்தேன். ஒரு தடவ கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேம்லா.” மெஷினின் மூடியைப் படாரென்று சாத்தினார்.

ஜாதகம் நகலெடுக்க ஒரு அம்மா வந்தார். சகாயம் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா போகிறவரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

பிறகு அண்ணன் உள்ளே போய், தாள் கட்டுகள் அடுக்கியிருந்த பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “கேக்கலடே” என்றான். “நான் கேக்கவே இல்ல.”

சகாயம் அவனைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுப் பெஞ்சில் வைத்தார். நடுவில்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் நிமிராமலே சொன்னான்.

“நீ கெளம்பு. மூணேகாலுக்கு வண்டி. சாப்புட்டுட்டு ஏறு. ஊர் போய்ச் சேந்ததும் போன் பண்ணு.”

திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தெருமுனை வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி மாத்திரை வேண்டுமா என்று கேட்டாள். பல் வலி என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வந்து சேர்ந்துவிட்டேன். காலை ஆறு மணிக்குப் போன் பண்ணினேன். “சேந்துட்டேன்ணே” என்றேன். “ம்” என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடை ஷட்டர் தூக்கும் சத்தம், யாரோ இருமும் சத்தம், எல்லாம் கேட்டது. அவன் வைக்கவில்லை. போனில் பார்த்தேன், நாலு நிமிடம் பதினொரு விநாடி.

ஆபீஸ். பெங்களூர்க்காரர்கள் நாளைக்கு வருகிறார்கள். வளவனின் பதிலை எழுதிவிட்டீர்களா என்று சார் கேட்டார். இல்லை, அந்தப் பெட்டி அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். இன்னொன்று வேண்டும் சார் என்றேன்.

“நாளைக்கு வர்றாங்க செல்வி! இன்னிக்குப் போயி எதைச் சேக்கறது?”

“ஒரு பட்டன் சார். ஒரே ஒரு பட்டன்.”

சுவர் முன்னால் போய் நின்றேன். ‘நான்தான்’ சீட்டோடு இருநூற்றுப் பதின்மூன்று. கயல் பொய் சொல்கிறாள், உண்மை சொல்கிறாள், சும்மா இருக்கிறாள், கடிதத்தைக் கிழிக்கிறாள், ஒட்ட வைக்கிறாள். வளவன் அடிக்கிறான், அழுகிறான், போகிறான். ஒரு சீட்டில்கூட யாரும் பெஞ்சமினைப் போய்க் கேட்கவில்லை. காலேஜ் பிள்ளை ஒன்று கேட்டது, நான்தான் அடித்துவிட்டேன்.

புதுச் சீட்டு எடுத்தேன். வளவன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும் காட்சிக்கு முன்னால் ஒட்டினேன். ‘பெஞ்சமின் வீட்டுக்குப் போ.’

“அந்த வீட்டுக்குப் படமே இல்லையேக்கா” என்றாள் நஸ்ரீன்.

“கதவு மட்டும் போடு. தட்டுறாப்பல வச்சிரு. மத்தத நான் எழுதுறேன்.”

எழுத உட்கார்ந்தேன். பெஞ்சமின் கதவைத் திறக்கிறான். முதல் வரி சட்டென்று வந்துவிட்டது: ‘வந்துட்டியா. உக்காரு.’